சட்டகம் இருக்கு, ஏஐ இருக்கு, கதை எங்க இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இந்த வாரம் கோடிங் இல்லை, கதை. ஏஐ-யை வச்சுக் கதை எழுத முடியுமா, முடியும்னா எப்படி? ஹீரோவின் பயணம், மூன்று அங்கம்னு இணையத்துல கிடைக்கிற கதைச் சட்டகங்களை ஏஐகிட்ட கொடுத்தா நல்ல கதை வருமா? இதுக்கு நான் தியரி மட்டும் சொல்லப் போறதில்லை. நானே ஒரு தடவை முயற்சி பண்ணிச் சொதப்பினேன். அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.

நாற்பது நொடியில் வந்த கதை

எங்க தாத்தா தூத்துக்குடியில முத்துக்குளிச்சவர். இந்தப் பக்கக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதுக்கப்புறம் அவர் சங்கு எடுக்கப் போனார். எனக்கு நினைவு தெரிஞ்சப்போ அவருக்குக் காது சுத்தமாக் கேட்காது. நான் எட்டாவது படிக்கும்போது தவறிட்டார். அவர்கிட்ட நான் கடலைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை. அந்தக் குறை மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் அவரை வச்சு ஒரு சிறுகதை எழுதணும்னு நினைச்சேன்.

இன்ஜினியர் புத்தி என்ன சொல்லும்? புதுசா எதையும் கண்டுபிடிக்காத, நல்ல ஃப்ரேம்வொர்க் ஒண்ணை எடு, அதுக்குள்ள டேட்டாவைப் போடு. ஃப்ரேம்வொர்க்குக்குப் பஞ்சமே இல்லை. ரஷ்யாவுல விளாதிமிர் பிராப் 1928ல மாயக்கதைகளை ஆராய்ஞ்சு, அதுல வர்ற நிகழ்வுகளை 31 வகையாப் பிரிச்சார். அமெரிக்காவுல ஜோசப் கேம்பல் 1949ல உலகத்துத் தொன்மங்கள்ல எல்லாம் ஒரே பயண வடிவம் இருக்குன்னு புத்தகம் எழுதினார். கிறிஸ்டோபர் வோக்லர் அதைச் சினிமாக்காரங்களுக்காக 12 படியாச் சுருக்கினார். பிளேக் ஸ்னைடர் 2005ல திரைக்கதைக்கு 15 புள்ளி கொடுத்தார்.

நான் வோக்லரோட 12 படியை எடுத்து, "தூத்துக்குடி முத்துக்குளிப்பவர், 1961, சிறுகதை"ன்னு ஏஐகிட்ட கொடுத்தேன். நாற்பது நொடியில கதை ரெடி. ஏழை இளைஞன். தங்கச்சிக்குக் கல்யாணம் வைக்கணும். வயசான குரு ஒருத்தர் மூச்சுப் பிடிக்கக் கத்துக் கொடுக்கிறார். புயல், சுறா, உயிருக்குப் போராட்டம். கடைசியில கரையேறி ஒரு சிப்பியைத் திறக்கிறான், உள்ள புறா முட்டை அளவுக்கு முத்து. ஆனா குடும்பம்தான் உண்மையான முத்துன்னு அவனுக்குப் புரியுது. சுபம்.

உண்மையைச் சொல்றேன், படிச்சப்போ எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். கடைசி வரைக்கும் பொறுமையாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா சிப்பியை யாரு அவருக்குத் திறந்து காட்டுனா?"ன்னாங்க.

சிப்பியைத் திறந்தது யார்?

அந்த ஒரு கேள்வியில 12 படியும் சரிஞ்சு விழுந்துச்சு. ஏன்னு புரியணும்னா முத்துக்குளிப்பு எப்படி நடந்துச்சுன்னு தெரியணும்.

முத்துச் சிப்பி கிடைக்கிற கடலடித் திட்டுக்குப் பேரு பார். குளிக்கிறவர் கல்லைக் கட்டின கயித்துல கால் வச்சு இறங்குவார். பத்துப் பாகம் வரைக்கும் கூட ஆழம் இருக்கும். ஒரு நிமிஷம், அல்லது கொஞ்சம் கூடுதலா மூச்சை அடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் பையில அள்ளணும். கயித்தை அசைச்சதும் மேல வள்ளத்துல இருக்கிறவர் இழுக்கணும். அவ்வளவுதான். சிப்பியைத் தேர்ந்தெடுக்கிறதோ, திறந்து பார்க்கிறதோ அங்க கிடையாது.

கரைக்கு வந்ததும் சிப்பிகளை வேலி போட்ட கொட்டுக்குள்ள கொண்டு போகணும். பழைய பதிவுகள்ல இருக்கிற முறைப்படி, அங்க மூணு குவியலாப் பிரிப்பாங்க. ரெண்டு அரசாங்கத்துக்கு, ஒண்ணு குளிச்சவங்களுக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரக் கணக்குல ஏலம் விடுவாங்க, மூடின சிப்பியாவே. உள்ள என்ன இருக்குன்னு விக்கிறவருக்கும் தெரியாது, வாங்குறவருக்கும் தெரியாது. குளிச்சவங்களும் பெரும்பாலும் தங்களோட பங்கை அங்கேயே வந்த விலைக்குக் கொடுத்துடுவாங்க. வீட்டுக்கு அன்னைக்கே காசு வேணும்ல.

வாங்கின வியாபாரியும் உடனே திறக்க மாட்டார். சிப்பியைக் குவிச்சு வச்சு நாள்கணக்கா அழுக விடுவாங்க. ஈ மொய்ச்சு, புழு வச்சு, சதை எல்லாம் கரைஞ்ச பிறகு அலசிப் பார்த்தாத்தான் முத்து கண்ணுல படும்.

அப்போ எங்க தாத்தா தன் வாழ்நாள்ல எத்தனையோ ஆயிரம் சிப்பியை வெளியே எடுத்திருப்பார். அதுல எத்தனை முத்து இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. ஹீரோவின் பயணத்துல ஹீரோ பரிசோட வீடு திரும்பணும். இங்க ஹீரோ பரிசைக் கண்ணாலயே பார்க்கலை.

ஏஐ ஏன் முத்தைக் கையில கொடுத்தது?

இதை ஏஐ-யோட முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். அது அப்படித்தான் வேலை செய்யும். பெரிய மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிச்சு, இந்தச் சொல்லுக்கு அடுத்து பெரும்பாலும் எது வரும்னு கத்துக்குது. முத்துக்குளிக்கிறவனைப் பத்தின கதைன்னா, அதுக்கு அடுத்து பெரும்பாலும் வர்றது பெரிய முத்து. ஜான் ஸ்டெயின்பெக் 1947ல வெளியிட்ட 'தி பேர்ல்' குறுநாவல்ல மெக்சிகோ கடற்கரையில கீனோன்னு ஒருத்தன் தானே சிப்பியைத் திறந்து பெரிய முத்தைக் கண்டெடுப்பான். உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட கதை அது. ஆனா மன்னார் வளைகுடாவுல சிப்பி மூடினபடியே ஏலம் போகும்ங்கிறதைக் கதையா எழுதினவங்க எவ்வளவு பேர்?

இதுல சட்டகத்தோட பங்கும் இருக்கு. '9ஆம் படி: பரிசு'ன்னு ஒரு காலிக் கட்டத்தை நாமதான் கொடுக்கிறோம். ஏஐ அதுல பொருத்தமா எதையாவது போட்டே ஆகணும். சட்டகமே ஆயிரம் கதைகளோட சராசரி. அதுக்குள்ள ஏஐ போடுறதும் சராசரியான பதில். சராசரிக்குள்ள சராசரி. குறை சொல்றதுக்கு எதுவும் இருக்காது. ஞாபகம் வச்சுக்கவும் எதுவும் இருக்காது.

அப்போ சட்டகத்தைத் தூக்கிப் போட்டுடலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அதே தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் இதுக்கு நேர் எதிரான பதிலை வச்சிருக்கார்.

உப்பளத்துக் கணக்குப்பிள்ளை

சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல தூத்துக்குடி பக்கத்துல காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவர். ஆரம்பத்துல உப்பளத்துல கணக்கு எழுதினார். இருபத்து நாலு வயசு வாக்குல நாடகத்துக்குப் போனார். 1922ல புதுச்சேரியில இறக்கும்போது ஏறக்குறைய 68 நாடகம் எழுதியிருந்தார்னு சொல்றாங்க. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் கைபட்டது. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில உட்கார்ந்து எழுதி முடிச்சார்னு அவர்கிட்ட பயிற்சி எடுத்த டி.கே. சண்முகம் பதிவு பண்ணியிருக்கார். வேகம் ஏஐ-க்கு மட்டும் சொந்தமில்லை.

எனக்கு முக்கியமாப் படுறது, அவரோட நாடகங்களை இன்னைக்கும் எப்படி ஆடுறாங்கங்கிறது. தென் மாவட்டக் கோயில் கொடைகள்ல 'ஸ்பெஷல் நாடகம்' பார்த்திருப்பீங்க. ராஜபார்ட் ஓர் ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேற ஊர்ல இருந்து வருவாங்க, பபூன் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அந்த ஒரு ராத்திரிக்குன்னு பேசி அழைச்சிருப்பாங்க. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்குல ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும்.

எப்படி முடியுது? எல்லாருக்கும் ஒரே சட்டகம் தெரியும். யார் எப்போ வரணும், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது, எங்க தர்க்கம் தொடங்கும்னு மனப்பாடம். ஆனா வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்துல என்ன பேசுவாங்கன்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. எதிர்ல நிக்கிறவர் கிடுக்கிப்பிடி போடுவார், இவங்க அந்த நிமிஷத்துல பதில் கண்டுபிடிக்கணும். வள்ளி முருகனைத்தான் கட்டப் போறாங்கன்னு கூட்டத்துக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் விடியிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறது அந்தத் தர்க்கத்துக்காகத்தான்.

இங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. நான் ஏஐ-யை எழுத்தாளரா உட்கார வச்சதுதான் தப்பு. அதை எதிர்ப் பாத்திரமா நிறுத்தணும். சட்டகம் ரெண்டு பேருக்கும் தெரியும். அது கேள்வி கேட்கட்டும், பதில் நான் சொல்லணும்.

நாத்து நட்டுச் சோறு உண்கிற சட்டகம்

சட்டகத்தையும் மாத்தினேன். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் நாடகத்தோட அமைப்பை ஐந்து சந்தியா விளக்குறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வடமொழி நாடக இலக்கணத்துலயும் ஐந்து சந்தி உண்டு. ஆனா இவர் அதை விவசாயத்தை வச்சுச் சொல்ற விதம் அருமை. உழுது பண்படுத்தின நிலத்துல விதை முளைக்கிறது முகம். அது இலை விட்டு நாத்தாகிறது பிரதிமுகம். உள்ளுக்குள்ள கரு பொதிஞ்சு நிக்கிறது கருப்பம். கதிர் தள்ளி, முத்தி, தலை சாய்றது விளைவு. அறுத்து, போரடிச்சு, தூத்தி, வீட்டுக்குக் கொண்டு போய் உண்டு மகிழ்றது துய்த்தல்.

ஹீரோவின் பயணத்துல கேள்வி, 'இவன் என்ன ஜெயிச்சான்?' இந்தச் சட்டகத்துல கேள்வி, 'என்ன விதைச்சாங்க? கடைசியில யார் சாப்பிட்டாங்க?' முத்துக்குளிப்புக்கு இந்தக் கடைசிக் கேள்வியை வச்சுப் பாருங்க. மூச்சை அடக்கினவர் ஒருத்தர், துய்த்தவர் வேற ஒருத்தர். சட்டகத்தோட கடைசிக் கட்டம் காலியாவே நிக்குது. அதை நிரப்பாம அப்படியே விடுறதுதான் இந்தக் கதையோட முடிவுன்னு அப்போதான் புரிஞ்சுது.

கயித்துக்கு அந்தப் பக்கம்

அடுத்து ஏஐகிட்ட போனேன். இந்தத் தடவை நான் கொடுத்த பிராம்ப்ட் இதுதான்:

"நீ கதை எழுதாதே. ஒரு வாக்கியம் கூட எழுதித் தராதே. நான் ஐந்து சந்திக்கும் ஒவ்வொரு வரி தருகிறேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வருகிறது என்று மட்டும் கேள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. என் பதில் பொதுவாக இருந்தால், திரும்பக் கேள்."

முதல் நாலஞ்சு கேள்வி சாதாரணம். ஆறாவதா ஒண்ணு கேட்டுச்சு: "மேலே கயிறு பிடிப்பவர் யார்? அவரை ஏன் இவர் நம்புகிறார்?"

எனக்குப் பதில் தெரியலை. ஏஐ-யையே 'நீயே சொல்லு'ன்னு கேட்டிருந்தா 'பால்ய நண்பன்'னு ஒரு பதில் வந்திருக்கும். நான் லேப்டாப்பை மூடிட்டு ஆச்சிகிட்ட போனேன்.

"எங்க அண்ணன்தான் பிடிப்பான்"ன்னாங்க. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சொல்வாங்கல்ல, அதே கதைதான். தங்கச்சி தாலி அந்தக் கயித்துல இருக்கும்போது அண்ணன் கண் அசர மாட்டான்ங்கிற நம்பிக்கை. ஆனா அந்த வருஷம் என் நகை விஷயமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னும் சேர்த்துச் சொன்னாங்க. ஒரே வள்ளம், ஒரே கயிறு, ஆனா முகத்துக்கு முகம் பேச்சு கிடையாது. தண்ணிக்குள்ள இருந்து கயித்தை அசைச்சா மட்டும் மேல பதில் வரும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. மூளை உடனே சட்டகத்துக்கு ஓடுச்சு: அப்போ ஒரு நாள் மச்சான் கயித்தை இழுக்கத் தாமதிக்கணும், அதுதானே உச்சக்கட்டம்? ஆச்சிகிட்ட கேட்டே விட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "ஒரு நாளும் தாமசம் பண்ணல மக்கா. ஒரு நாளும் பேசவும் இல்ல. ரெண்டையும் கரையில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தவ நான்தான்."

இதை எந்தச் சட்டகமும் எனக்குக் கொடுத்திருக்காது. ஆனா சட்டகம் இல்லைன்னா அந்தக் கேள்வி வந்திருக்காது. ஏஐ இல்லைன்னா, 'யாரோ ஒருத்தர் கயிறு பிடிச்சார்'னு எழுதிட்டு நான் கடந்து போயிருப்பேன். மூணுக்கும் அதனதன் வேலை இருக்கு. ஒண்ணோட வேலையை இன்னொண்ணுகிட்ட கொடுக்கும்போதுதான் சொதப்புது.

கதை இப்போ எழுதிக்கிட்டு இருக்கேன். தாத்தா ஹீரோ இல்லை. கரையில நின்னு வள்ளத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற ஆச்சிதான் மையம். துறவு, சுறா எதுவும் கிடையாது. சிப்பிக்குள்ள முத்து இருந்துச்சா இல்லையான்னு கதையில வரவே வராது.

நீங்க முயற்சி பண்ணணும்னா

நான் பின்பற்றுற வரிசையைச் சொல்றேன். வேணும்னா உங்க வசதிக்கு மாத்திக்குங்க.

முதல்ல, ஏஐ-யைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஐந்து வரியை நீங்களே பேப்பர்ல எழுதுங்க. மோசமா இருந்தாலும் பரவாயில்லை. முதல்ல எழுதுறது யாரோ, கதையோட திசையை முடிவு பண்றது அவங்கதான். அதை விட்டுக் கொடுத்துடாதீங்க.

ரெண்டாவது, 'இந்தக் கட்டத்துல எல்லாரும் எதிர்பார்க்கிற பத்து நிகழ்வைச் சொல்லு'ன்னு ஏஐகிட்ட கேளுங்க. வர்ற பட்டியல்தான் உங்களோட தவிர்க்கும் பட்டியல். சராசரியைச் சொல்றதுல அது கெட்டிக்காரன். அந்தத் திறமையைத் தலைகீழாப் பயன்படுத்துங்க. பத்துல ஒண்ணு உங்களுக்கு நிஜமாவே வேணும்னா வச்சுக்குங்க, ஆனா தெரிஞ்சே வச்சுக்குங்க.

மூணாவது, மேல சொன்ன கேள்வி பிராம்ப்ட். உங்களுக்குப் பதில் தெரியாத இடத்துல ஏஐ-யை நிரப்பச் சொல்லாதீங்க. அந்த இடத்துல எழுந்து போய் ஒரு மனுஷரைக் கேளுங்க. ஆச்சி இல்லையா, நூலகத்துக்குப் போங்க. தொழில் சார்ந்த விவரத்தை ஏஐ ரொம்ப நம்பிக்கையாத் தப்பாச் சொல்லும். முத்தைக் கையில கொடுத்த மாதிரி.

நாலாவது, வசனம். ஏஐ எழுதித் தர்ற தமிழ்ல கதாபாத்திரம் எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுவாங்க, இல்லைன்னா டப்பிங் படம் மாதிரிப் பேசுவாங்க. 'தாமசம் பண்ணல'ங்கிற சொல் எங்க ஆச்சி வாயில இருந்துதான் வரும். வசனத்தை நீங்களே எழுதி, சத்தமா வாசிச்சுப் பாருங்க.

கடைசியா, எழுதி முடிச்ச பிறகு சட்டகத்தைத் திரும்ப எடுங்க. கோடு எழுதுறவங்களுக்குப் புரியிற மாதிரிச் சொன்னா, சட்டகம் உங்க கோடு இல்லை, டெஸ்ட் கேஸ். என்ன விதைச்சேன், அது எங்க முளைச்சுது, எங்க மறைஞ்சு நின்னுச்சு, எங்க முத்துச்சு, யார் துய்ச்சாங்க? ஐந்துக்கும் பதில் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா எந்தக் கட்டம் காலியா இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், ஏன் காலியா விட்டீங்கன்னும் தெரிஞ்சிருக்கணும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்க வீட்டுல ஒருத்தர் செய்த தொழிலை எடுத்துக்குங்க. உப்பளம், தீப்பெட்டி, பனையேற்றம், ஹார்பர் வேலை, எதுவானாலும் சரி. ஐந்து வரி எழுதுங்க. அப்புறம் அந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுங்க. அவங்க எங்க நிறுத்தி, 'அது எப்படி?'ன்னு கேட்கிறாங்களோ, அங்க இருந்து கதையைத் தொடங்குங்க.

எங்க ஆச்சிக்கு இப்போ புது டிராஃப்டோட முதல் ரெண்டு பக்கம் வாசிச்சுக் காட்டியிருக்கேன். 'அண்ணன் பேரை மாத்திரு'ன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. மாத்திட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.